மைனாவின் இறக்கையும் மாமாவின் கைராசியும்

விழுப்புரம் ஜில்லாவிலேயே, ஒடிந்த இறக்கையை ஒட்டவைத்து ஒரு மைனாவைப் பறக்கவிட்ட முதல் ஆள் நான்தான்.

சரி, பொய். ஒட்டவைத்தது நான் இல்லை. அப்போது விழுப்புரம் ஜில்லாவே கிடையாது, எல்லாம் தென்னாற்காடு. மைனா இருந்தது, இறக்கை ஒடிந்தது, இந்த இரண்டுக்கு மட்டும் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன். என் பங்கு என்னவென்றால், உயரமான இடமாகப் பார்த்து ஏறி அந்த மைனாவைக் கீழே போட்டது.

“அப்ப ஒடைச்சவனே நீதானாய்யா?” என்கிறது முகையூர் தோள்பட்டை.

பாருங்கள், கதை ஆரம்பிப்பதற்குள் பழி. அன்றைக்கும் இப்படித்தான்.

இந்தப் பெஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊரும் உடைந்த உறுப்பும்தான் பெயர். திண்டிவனத்தில், எலும்பு முறிவுக்குக் கட்டு போடும் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாரும் தலை நரைத்த கேஸ்கள். முகையூர் தோள்பட்டையை அவருடைய சொந்த மாடே இழுத்துத் தள்ளியிருக்கிறது. வல்லத்து முழங்கால், வரப்பில் போன் பேசிக்கொண்டு போய்க் கால்வாயில் இறங்கிவிட்டார். பெஞ்சின் கோடியில் படுத்திருக்கிற கெடார் இடுப்பு, எப்படி விழுந்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறது. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் நாங்களும் கேட்கவில்லை. நான் விழுப்புரம் மணிக்கட்டு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஓட்டும்போது விழவில்லை. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, கெத்தாக இறங்கும்போது என் லுங்கியை நானே மிதித்துவிட்டேன். படிப்பைக் கேட்டீர்கள் என்றால், நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார்த்து எட்டாவது என்று சொல்லிக்கொள்வேன்.

உள்ளே கூப்பிட நேரமாகும். அதுவரைக்கும் இந்த மைனா கதை. நம் வயசு ஆட்களுக்குத்தான் இது புரியும். இப்போது இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால், ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று ஒரே கேள்வியில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீடு விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டி. சரக்கு வண்டி போனால் அடுக்கில் இருக்கிற டம்ளர் எல்லாம் தானாக நகரும். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அந்தச் சீசனில் அவர் வீட்டுக்குள் வந்தாலே அந்தத் தோல் தூசி வாடை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஒரு கோடையில், அக்னி நட்சத்திர வெயிலில், தலைத்துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மல்லாட்டை என்று நினைத்து நான் ஓடினேன். உள்ளே ஒரு மைனாக் குஞ்சு. கிடங்குச் சுவர்ப் பொந்திலிருந்து விழுந்ததாம். மூக்கு மஞ்சள், கண்ணைச் சுற்றியும் மஞ்சள், முழுசாக முடி முளைக்காத உடம்பு. இடது இறக்கை, தைத்து முடிக்காத சட்டைக் கை மாதிரி தொங்கியது.

“ஊர்ல எல்லாரும் வூட்டுக்கு இன்னா இன்னாமோ எடுத்துக்கினு வர்றாங்க, இது ஒடஞ்சத எடுத்துக்கினு வருது” என்றாள் அம்மா.

“பையன் வெச்சி வெளையாடட்டும்.”

“அவனே பாதி நேரம் ஒடஞ்சிக்கினுதான் வர்றான்.”

ஒயர் கூடையில் வைக்கோல் போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு செங்கல். அதுதான் மைனாவின் வீடு. நான் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வந்து போடுவேன். அந்தக் கோடை முழுக்க என் கையில் வெட்டுக்கிளி துப்புகிற பழுப்புத் தண்ணி வாடைதான். சோற்றில் கை வைத்தால் சோறும் அதே வாடை. மைனா தின்றது, எச்சம் போட்டது, மறுபடியும் வாயைத் திறந்தது. இரண்டே நாளில் அப்பா காலையில் தொண்டையைக் கனைப்பதைப் போலவே கனைக்கக் கற்றுக்கொண்டது. அம்மா, காப்பி கேட்கிறார் என்று எழுந்து வருவாள், பார்த்தால் கூடை.

இப்போது மாமா வர வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் ஒரு வயசான வைத்தியரிடம் கட்டு போடும் வேலை கற்றுக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொன்னார். நிஜத்தில் அவர் வேலை முட்டை உடைப்பது. முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தம் மாவையும் குழைத்து, துணியில் தடவி, முறிந்த இடத்தில் சுற்றி, மேலே மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள் இல்லையா, அதில் முட்டை மட்டும் மாமா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். சுருட்டை முடி, கழுத்தில் கர்ச்சீப், பவுடர் வாடை, அதற்கு அடியில் முட்டை வாடை.

அவருக்கு இரண்டு ஆசை. தனியாக ஒரு கட்டுக் கடை வைக்க வேண்டும். என் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, தாய்மாமனுக்குக் கேட்க உரிமை உண்டு. அம்மாவுக்கு முழுச் சம்மதம். அக்கா அப்போதுதான் பத்தாவது பாஸ் செய்திருந்தாள். எங்கள் தெருவில் அதுவே ஒரு செய்தி. எங்கள் குடும்பத்தில் அது ஒரு அதிர்ச்சி.

அப்பாவுக்குத்தான் சந்தேகம்.

“எலும்பு கூட்றதுக்குப் படிப்பு கிடிப்பு வாணாம் மச்சான், கைராசி வோணும்” என்றார் மாமா. “எனக்குக் கை அப்பிடியே ஓடுதுன்னு பெரியவரே சொல்லிக்கீறாரு.”

“ஓடுது சரி மாப்ள. எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும் இல்ல?” அப்பா காலால் கூடையை மாமா பக்கம் தள்ளினார். “தோ கீது. இதுக்குக் கட்டு போடு. இது பறக்கட்டும். பறந்த அன்னிக்கே பரிசம். நீ பொண்ணையும் கட்டிக்க, கடையும் வெய்யி.”

வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை மாற்றுவதைவிட மூட்டையோடு பாலம் ஏறுவது சுலபம் என்று நினைக்கிற ஆள். அம்மா உடனே சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

நான் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அக்கா சாம்பல் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“எக்கா, மைனா பறந்தா உனக்குக் கல்யாணமாம்!”

“கேட்டுச்சி. எனக்கு மேல படிக்கணும்டா. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ப்ளஸ் ஒன் சேரணும். அது பறந்துச்சின்னா நான் எங்க சேர்றது?”

“அப்ப கல்யாணம் இல்லன்னா எனக்குப் பேண்ட் எடுக்க மாட்டாங்களா?”

சாம்பல் கையாலேயே ஒரு அறை. நியாயமான அறை. வாழ்க்கையில் நான் வாங்கியதில் நியாயமானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதல் கட்டை மாமா எங்கள் வீட்டுக் கூடத்திலேயே போட்டார். பெரிய ஆபரேஷன் மாதிரி. நான் மைனாவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா துணி கிழித்துக் கொடுத்தாள். அம்மா முட்டை கொடுத்தாள். அந்த முட்டை எங்கள் வீட்டுக் கோழி போட்டது. அதை நாங்கள் கண்ணால் பார்ப்போம், வாயால் பார்த்தது கிடையாது, அது டீக்கடைக்குப் போய்விடும். இப்போது ஒரு மைனாவுக்கு முழு முட்டை. வெள்ளைக்கரு நுரைக்கிறது, உளுத்தம் மாவு மணக்கிறது, எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. நானும் எங்கேயாவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால், கட்டை நக்கியாவது பார்க்கலாமே என்று நிஜமாகவே யோசித்தேன். மாமா துணியில் மாவைத் தடவி இறக்கையைச் சுற்றி, மூங்கிலுக்குப் பதில் விளக்குமாற்று ஈர்க்குச்சி வைத்து முடிச்சு போட்டார். முடிச்சு நல்ல முடிச்சு. அதை மட்டும் மறுக்க முடியாது.

“யாரும் இத்த அவுக்கக் கூடாது” என்றார். “எலும்பு கூடிச்சின்னா கட்டு அதுவே காஞ்சி உதிந்துடும். உதிந்துச்சின்னா முடிஞ்சிது, றெக்க ரெடி.”

இதுதான் சட்டம். பெரிய வைத்தியர் மனிதர்களுக்குச் சொன்ன சட்டம்.

கொஞ்ச நாள்தான் போயிருக்கும். முறத்தைத் தூக்கிப் பார்க்கிறேன், கட்டு இல்லை. துணி ஒரு ஓரமாகக் கிடக்கிறது, சுத்தமாக, துவைத்த மாதிரி. மாவு ஒரு பொட்டு இல்லை. ஈர்க்குச்சி தனியே கிடக்கிறது. மைனா வயிறு புடைக்க உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கனைத்தது.

“உதிந்துடுச்சி!” என்று நான் கத்தினேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். உதிர்ந்தது என்றால் உதிர்ந்தது கீழே கிடக்க வேண்டும். காய்ந்த மாவு தூளாகவாவது இருக்க வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா என்று என்னைவிடப் பெரியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் கண் இருந்தது. ஒருவராவது, “மாவு எங்கடா?” என்று கேட்டார்களா? இல்லை. மாமாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து துணியைப் பார்த்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: “மனுசனுக்கு ஒரு மண்டலம் ஆவும். இது சின்ன ஒடம்பு. ஒடம்புக்குத் தக்கன கணக்கு.”

“இன்னா கணக்கு, இன்னா கணக்கு” என்கிறது வல்லத்து முழங்கால். “எனக்கு அப்ப ரெண்டு மண்டலமா? நான் தொண்ணூறு கிலோ.”

தெருவே கூடிவிட்டது. அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துவிட்டாள். ரேஷன் கடைச் சுவர் மேல் என்னை ஏற்றினார்கள். நான் மைனாவை இரண்டு கையிலும் பிடித்து, மாமா “வுடு!” என்றதும் மேலே வீசினேன். அது வலது இறக்கையை ஒரு தடவை அடித்தது. அப்புறம் பிழியாத துணி மாதிரி நேராகக் கீழே வந்தது. சத்தம் கேட்டது. இடது இறக்கை அதே இடத்தில், மறுபடியும்.

யாரும் மைனாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

“வுட்றப்ப கைய ஒதறிட்டான் மச்சான், நான் பாத்தேன்” என்றார் மாமா.

அம்மா கரண்டிக் காம்பால் நாலு போட்டாள். நான் எங்கே உதறினேன்? மைனா என் கையைக் கொத்தியது, அதனால் லேசாக உதறினேன். அது உதறலா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது கட்டுக்குத் திண்டிவனம் போனோம். கடையிலேயே, பெரியவர் சாப்பிடப் போன நேரத்தில், ஒரிஜினல் சாமான்களை வைத்துப் போட்டால்தான் நிற்கும் என்று மாமா சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் அக்காவும், மடியில் கூடையும். கூட்டமான பஸ், சன்னலில் அனல் காற்று, காலுக்கடியில் யாருடையதோ ஒரு கருவாட்டு மூட்டை. கூடைக்குள்ளிருந்து அப்பாவின் கனைப்பு கேட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“யாரும்மா ஒங்க கூட ஆம்பள?”

“ஆம்பள இல்ல சார், மைனா.”

“பேசுமா?”

“கனைக்கும்.”

“கனைச்சா லக்கேஜு. பேசினா டிக்கெட்டு. வழில எதுனா பேசிச்சின்னா சொல்லிடு.”

பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, முறத்தின் சந்து வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்தேன். அதிலும் ஜெயிக்கவில்லை.

இந்தத் தடவை இரண்டு முட்டை. மாவும் டபுள். மைனா ஒரு கொழுக்கட்டை மாதிரி வீடு திரும்பியது. அந்தக் கொழுக்கட்டையும் முன்னைப் போலவே காணாமல் போனது. மறுபடியும், “உதிந்துடுச்சி!” மறுபடியும் மாமா, தாம்பாளம், தெரு. ஆனால் இப்போது மாமாவிடம் புதுசாக ஒரு விளக்கம் இருந்தது. சுவர் தாழ்வாம். இறக்கை விரிய நேரம் பத்தவில்லையாம். அதனால் தையல்கடை மொட்டை மாடி.

என்ன ஜனங்கள் என்கிறேன். சுவரிலிருந்து விழுந்ததை மாடியிலிருந்து போட்டால் பறக்கும் என்று அறுபது கிலோ மூட்டை தூக்குகிற ஒரு ஆளும், எலும்பு வைத்தியம் படிக்கிற ஒரு ஆளும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். எனக்குச் சின்ன வயசு, எனக்கே கொஞ்சம் இடித்தது. “வாணாம்பா” என்றேன். “பயந்தாங்கொள்ளி, ஏறு” என்றார் அப்பா. ஏறினேன்.

அது விழுந்ததைச் சொல்ல மாட்டேன். இந்தப் பெஞ்சில் இருக்கிற எல்லாருக்கும் விழுவது எப்படி என்று தெரியும்.

இந்தத் தடவை பழி எதிர்வீட்டு அம்மா மேல். அவர் கண் வைத்துவிட்டாராம். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், நெடி வரவில்லை, அதுவே சாட்சி ஆகிவிட்டது. குழாயடியில் பெரிய சண்டை. எதிர்வீட்டு அம்மா, “உன் தம்பி போட்ட கட்டு நிக்கலன்னா என் கண்ணு இன்னாடி பண்ணும்? அவன் கைய சுத்திப் போடு” என்று கேட்டார். அந்தத் தெருவில் அந்த மாதம் பேசப்பட்ட ஒரே சரியான வார்த்தை அதுதான். அதற்காக அவரோடு நாங்கள் இரண்டு வருஷம் பேசவில்லை.

மாமா மூன்றாவது கட்டும் போட்டுவிட்டுப் போனார். மைனா ஒடுங்கிப்போயிருந்தது. வெட்டுக்கிளியை மூக்கருகில் கொண்டுபோனாலும் திறக்கவில்லை. கனைப்பதும் நின்றுவிட்டது. அம்மா, “செத்தாலும் பாவம், இழுத்துக்கினு கெடந்தாலும் பேஜாரு” என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம், வெயிலுக்கு எல்லாரும் சுருண்டு படுத்திருந்த நேரம், பின்பக்கம் முருங்கை மரத்தடியில் அக்கா உட்கார்ந்து மாமாவின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எக்கா! அவுக்கக் கூடாதுன்னு…”

என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் வேப்பெண்ணெய். கசப்பு தொண்டை வரைக்கும் போனது.

இறக்கையை ஈரத்துணியால் துடைத்தாள். பழைய தாவணியில் கிழித்த மெல்லிய துண்டால், இறக்கையை மடித்து, உடம்போடு சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள். மாவு இல்லை, முட்டை இல்லை. மேலே மட்டும் வேப்பெண்ணெயைத் தொட்டுத் தடவினாள். முடிச்சு மாமாவின் முடிச்சேதான், மேலாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

“இது பறந்துட்டா உனக்குத்தானக்கா கல்யாணம்?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “இன்னொரு வாட்டி வுழுந்தா செத்துடும்டா. அதைப் பாத்துக்கினு நான் சும்மா குந்தியிருந்துட்டு, அப்புறம் படிச்சி இன்னா கிழிக்கறது?”

“ஏன் மாவு தடவல?”

“நீ வாயத் தொறக்காத. தொறந்த, பல்லு உதிந்துடும்.”

எனக்குப் பல் முக்கியம். வாயைத் திறக்கவில்லை.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. அந்தக் கட்டு உதிரவே இல்லை. ஒரு வாரம் ஆனது, அப்புறமும் ஆனது, கட்டு அப்படியே. மைனா திரும்பவும் தின்ன ஆரம்பித்துவிட்டது, கனைக்கிறது, ஒற்றைக் காலில் நின்று என்னைத் திட்டுகிறது. ஆனால் வீடே சோகத்தில் இருக்கிறது! கட்டு உதிரவில்லையே, எலும்பு கூடவில்லையே என்று. சரியாகப் போட்ட ஒரே கட்டைப் பார்த்து மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

“அவுத்துட்டுப் புதுசா போட்டுடலாங்கா” என்று அம்மாவிடம் கெஞ்சினார்.

அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள், “நடுவுல கை வெச்சா ராசி கலைஞ்சிடும் மாமா.”

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய சட்டத்தை வைத்தே அவரைக் கட்டிப்போட்டுவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அக்காவோடு படித்த பெண்கள் புதுப் பாவாடை தாவணியில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். மைனா கதை முடியாமல் எதுவும் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா வாசல் பெருக்குகிற சாக்கில் அவர்கள் போகிறதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவசரப்பட்டுக் கட்டை அவிழ்த்துவிடலாம், அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும், ஏதோ ஒரு பக்கம். அவள் அவிழ்க்கவில்லை.

ஒரு நாள் காலையில், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “உதிந்துடுச்சி” என்றாள். அவ்வளவுதான்.

மாமா வந்தார். தாம்பாளம் வந்தது. தெருவில் முன்னைப் போலக் கூட்டம் இல்லை, மைனா விழுவது பழகிவிட்டது. நான் மாடி ஏறக் கிளம்பினேன்.

“இவன் வாணாம்” என்றாள் அக்கா. “மாடியும் வாணாம்.”

தெரு நடுவில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். மைனா அதன் மேல் நின்று இரண்டு இறக்கையையும் ஒரு தடவை விரித்து மடக்கியது. உள்ளே அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் யாரும் தள்ளாமலே போனது. முதலில் சுவர், அங்கிருந்து கரண்ட் கம்பி. கம்பியில் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தது.

“கைராசி!” மாமா தெருவில் ஆடினார். “பாத்தியா மச்சான், கைராசி!” அப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். அம்மா அழுதுகொண்டே வெற்றிலையை எடுத்தாள். எனக்குக்கூட பேண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா உள்ளே போனாள். வரும்போது இடது கையில் ஒரு கிண்ணம். அதில் வெள்ளைக்கருவும் உளுத்தம் மாவும். ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை மேலே தூக்கினாள்.

“மாமா, நீ போட்ட கட்டெல்லாம் எங்க போச்சின்னு பாரு.”

கம்பியிலிருந்து மைனா ஒரே வீச்சில் இறங்கி அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. உருண்டையைக் கொத்தியது. தலையை ஆட்டி ஆட்டி, முழுங்கி முழுங்கி, கையில் ஒட்டியிருந்ததையும் சுரண்டித் தின்றது.

“துன்னுடுச்சா?” வல்லத்து முழங்காலுக்கு மூச்சு அடைக்கிறது. “கட்டையேவா?”

கட்டையேதான். முதல் கட்டு, இரண்டாம் கட்டு, இரண்டையும். தின்னும்போது இறக்கையை இழுத்து இழுத்துக் கூடுகிற எலும்பையும் கலைத்தது. நாங்கள் உதிர்ந்தது, உதிர்ந்தது என்று சுவரிலிருந்தும் மாடியிலிருந்தும் போட்டோம். அக்கா முதல் கட்டிலேயே அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மைனா தின்கிற வரைக்கும் அவளுக்குக் கல்யாணம் இல்லை. அந்த இரண்டு தடவை அது விழுந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“கடசிக் கட்டு நான் போட்டது” என்றாள் அக்கா. இடுப்பில் செருகியிருந்த தாவணித் துண்டை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

அப்பா நெற்றியைச் சொறிந்தார். “அது யாரு போட்டா இன்னா? பறந்தா பரிசம்னு சொன்னேன். பறந்துடுச்சி. சொன்னா சொன்னதுதான்.”

“கைராசி பாக்கத்தானப்பா சொன்ன? எந்தக் கட்டுல பறந்துச்சோ அந்தக் கைக்குத்தான ராசி? அது என் கை. எனக்கு நானே பரிசம் போட்டுக்க முடியுமா?”

“வாய மூடுடி!” அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கையில் வெற்றிலை இருந்ததால் அடிக்க முடியவில்லை.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். சுருட்டை முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தத் தாவணித் துண்டை விரித்து, மடிப்பு விழுந்த இடங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம். நான் அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“மூச்சு வுட எடம் வுட்டு சுத்திக்கீற” என்றார். “யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல. நீ போட்றத பாத்துதான். மாவு மட்டும் வுட்டுட்டேன்.”

மாமா எழுந்தார். பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். அப்பா முன்னால் போய் நின்றார்.

“மச்சான், எனக்குப் பரிசம் வாணாம். பொண்டாட்டி எங்கனா கெடைப்பா. இந்தக் கை கெடைக்காது. பொண்ணப் படிக்க வெய்யி. படிச்சி முடிச்சப்புறம் நான் வெக்கப்போற கடைக்கு அனுப்பு.”

அவருக்குப் பெண்டாட்டி கிடைத்தார். கெடார் பெண்தான், எங்கள் அத்தை, நல்ல மனுஷி.

“எங்க ஊருப் பொண்ணா?” என்று கெடார் இடுப்பு எழுந்து உட்காரப் பார்த்து, “அய்யோ” என்று படுத்துக்கொண்டது.

ஆனால் அப்பா இருக்கிறாரே. அவருக்குச் சாமியே வந்துவிட்டது. “பொட்டப் புள்ளய ஊருல கீற ஆம்பளைங்க கையையும் காலையும் புடிச்சிக்கினு குந்த வெக்கணுமா? ஏன்டா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று கத்திக்கொண்டு தாம்பாளத்தை எட்டி உதைத்தார். வெற்றிலை தெருவெல்லாம் பறந்தது. மைனாவும் பயந்து மறுபடி கம்பிக்குப் போய்விட்டது. அக்கா நேராக அப்பா முன்னால் போய் நின்று, அந்த மாவுக் கையாலேயே அவருடைய தோளைத் தொட்டு, அதுவரை எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். அதற்கு எங்கள் அப்பா…

“டேய், விழுப்புரம் மணிக்கட்டு!”

கடைக் கதவைத் திறந்துகொண்டு மாமா நிற்கிறார். சுருட்டை முடி ஒன்றுகூட மிச்சமில்லை, கர்ச்சீப் மட்டும் கழுத்தில் அப்படியே.

“இங்க குந்திக்கினு என் மானத்த வாங்கிக்கினு கீறியா? ஜல்தி உள்ள வா. உங்கக்கா மாவு கொழைச்சி வெச்சிக்கினு எவ்ளோ நேரமா நிக்குது. காஞ்சிடும்டா.”

“இருங்க வைத்தியரே, இவங்கப்பன் இன்னா சொன்னாருன்னு சொல்லிட்டுப் போவட்டும்” என்கிறது முகையூர் தோள்பட்டை.

“ஒரே நிமிஷம் மாமா, அப்பா இன்னா சொன்னாருன்னா…”

உள்ளேயிருந்து அக்கா குரல் வருகிறது. “டேய், கைய மட்டும் எடுத்துக்கினு வர்றியா, இல்ல வாய்க்கும் சேத்து ஒரு கட்டு போடவா?”